வாசலில் பித்தளைக் கல்: பெயரை மிதிக்கலாமா?

குளிர்காய்பவன் | அக்டோபர் 14, இரவு 9:40

போன மாதக் கடைசியில் வீடு மாறினோம். பெர்லின், ஷோனபெர்க் பகுதி. நேற்று மாலை நல்ல மழை. இரண்டு கையிலும் காய்கறிப் பை. வாசல்படிக்கு நாலடி முன்னால் கால் சர்ரென்று வழுக்கியது. குனிந்து பார்த்தால் நடைபாதைக் கற்களுக்கு நடுவே மூன்று பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. மேலே எழுத்து. நான் யோசிக்கவே இல்லை. பையைக் கீழே வைத்துவிட்டுத் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். புத்தகத்தில் கால் பட்டால் செய்வோமே, அதேதான்.

பின்னாலேயே கீழ்த்தளத்துப் பாட்டி வந்துகொண்டிருந்தார். எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன், எங்கள் ஊரில் எழுத்தை மிதிக்க மாட்டோம் என்று. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "படிக்க வேண்டுமென்றால் குனிந்துதான் ஆக வேண்டும். அதற்காகத்தான் தரையில் வைத்தார்கள்" என்றார்.

ஜெர்மனியில் இருக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இதன் பெயர் ஷ்டோல்பர்ஷ்டைன், தமிழில் இடறுகல் எனலாம். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கியது. முதல் கல் 1992-ல் கொலோனில். நாஜிகள் இழுத்துப் போவதற்கு முன்பு ஒருவர் தன் விருப்பப்படி குடியிருந்த கடைசி வீட்டு வாசலில் பதிப்பார்கள். பெரும்பாலும் யூதர்கள். ரோமா மக்கள், மனநோயாளிகள், அரசியல் எதிரிகள் எல்லோருக்கும் கற்கள் உண்டு. 2023 மே மாதம் நியூரம்பெர்க்கில் 1 லட்சமாவது கல்லை வைத்தார்கள்.

என் வாசலில் இருப்பது ஓர் அம்மாவும் இரண்டு பெண்களும். சின்னவள் பிறந்தது 1936. மூன்றிலும் முதல் வரி 'இங்கே வாழ்ந்தார்'. கடைசி வரி 'ஆஷ்விட்ஸில் கொலை செய்யப்பட்டார்', அதாவது போலந்தில் நாஜிகள் நடத்திய கொலை முகாமில். பெயரை இங்கே எழுதவில்லை, என் முகவரியையே எழுதினது போல ஆகிவிடும்.

கேள்வி இதுதான். தினமும் நாலு தடவை இதன் மேல் நடக்கிறேன். தாண்டிப் போவதா, மிதித்துப் போவதா? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

கல்தச்சன் | அக்டோபர் 14, இரவு 10:25

தம்பி, நீங்கள் செய்தது சரி. அவர்கள் செய்ததுதான் எனக்குப் புரியவில்லை. செத்தவர் பெயரைக் கொண்டுபோய்க் காலடியில் வைப்பார்களா? நாய் போகும், சைக்கிள் போகும், குடித்துவிட்டு எவனாவது வாந்தி எடுப்பான். நான் 40 வருஷம் கல்லில் எழுத்து வெட்டியவன். எந்த எழுத்தையும் தரையைப் பார்த்து வெட்டியதில்லை. வாசல்படிக்குக் கீழே கொடுத்தவர் பெயரைப் போடச் சொல்லி வந்தார்கள், மாட்டேன் என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். கண்ணுக்கு நேராகச் சுவரில் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

இசார்கரை | அக்டோபர் 15, காலை 7:10

கல்தச்சன் ஐயா, நீங்கள் கேட்டதையே எங்கள் ஊரில் ஒருவர் கேட்டார். அதனால்தான் மியூனிக்கில் பொது நடைபாதையில் இந்தக் கல் கிடையாது.

கேட்டவர் ஷார்லோட்டே க்னோப்லோக், மியூனிக் யூத சமூகத்தின் தலைவர். 1932-ல் பிறந்தவர். நாஜி காலத்தில் ஒரு கத்தோலிக்கப் பண்ணைக் குடும்பம் தங்கள் வீட்டுப் பெண்ணின் குழந்தை என்று சொல்லி அவரை ஒளித்து வளர்த்தது. அப்படிப் பிழைத்தவர் சொல்கிறார்: பூட்ஸ் காலால் மிதிபட்ட மனிதர்களின் பெயர் மறுபடியும் மிதிபடக் கூடாது. மாநகராட்சி 2004-ல் தடை போட்டது, 2015-லும் அதையே உறுதி செய்தது.

வெறும் உணர்ச்சி என்று இதைத் தள்ளிவிட முடியாது. போலந்தில் க்ராக்கோவ் பக்கத்தில் பிளாஷோவ் முகாமை யூதக் கல்லறைத் தோட்டங்களின் மேலேயே கட்டினார்கள். பெயர் வெட்டிய கல்லறைக் கற்களைப் பெயர்த்து முகாமுக்குள் பாதை போட்டார்கள். பெயரின் மேல் நடக்க வைப்பது அவர்கள் வேண்டுமென்றே செய்த அவமானம். அதைக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு நடைபாதையில் பெயர் என்றாலே உடம்பு கூசும்.

ஆனால் மறுபக்கமும் யூதர்கள்தான். தாத்தா பாட்டிக்குக் கல் வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து எழுதிய பேரப்பிள்ளைகளுக்கு மியூனிக் இல்லை என்று சொன்னது. நீதிமன்றம் வரை போனார்கள், ஜெயிக்கவில்லை. பதித்த கற்களையே நகராட்சி தோண்டி எடுத்ததும் நடந்தது. கடைசியில் 2018-ல் இருந்து வேறு வழி: வீட்டுச் சுவரில் கண் மட்டத்தில் ஒரு தகடு, சுவர் கிடைக்காவிட்டால் நடைபாதை ஓரத்தில் ஒரு கம்பம். படம் கிடைத்தால் முகமும் இருக்கும். நீங்கள் கேட்ட சுவர் இங்கே இருக்கிறது ஐயா.

எனக்கு எது பிடிக்கும் என்றால், சுவர்தான். இருந்தாலும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். என் தெருவில் ஒரு கம்பம் இருப்பது எனக்கு எட்டு மாதம் தெரியாது. யாரும் அதில் வழுக்குவதில்லை.

பயணப்பை | அக்டோபர் 15, மதியம் 1:32

போன கோடையில் பெர்லின் போனேன். பிராண்டன்பெர்க் வாயில் பக்கத்திலேயே கொல்லப்பட்ட யூதர்களுக்கான பெரிய நினைவிடம், சாம்பல் நிறக் கான்கிரீட் பெட்டிகள். உண்மையைச் சொன்னால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒரு பக்கம் பையன்கள் கண்ணாமூச்சி ஆடுகிறார்கள், ஒரு பெண் பெட்டி மேல் ஏறி யோகா போஸ் கொடுக்கிறாள், பக்கத்தில் சாசேஜ் கடை. பெயர்ப்பலகையைத் தேடிக் கண்டுபிடிக்கவே நேரமானது. இதற்கு இந்தப் பித்தளைக் கல்லே மேல்.

குளிர்காய்பவன் | அக்டோபர் 15, இரவு 8:55

பயணப்பை, உங்களைக் குறை சொல்ல மாட்டேன். முதல் தடவை எனக்கும் அப்படித்தான். மொத்தம் 2,711 கற்கள், பீட்டர் ஐசன்மன் வடிவமைத்தது, 2005 மே மாதம் திறந்தார்கள். ஓரத்தில் கல் முழங்காலுக்குக்கூட வராது. உள்ளே போகப் போகத் தரை இறங்கும், கல் உயரும், நடுவில் நாலரை மீட்டருக்கு மேல். கூட வந்தவர் இரண்டு வரிசை தள்ளிப் போனதும் காணாமல் போவார், குரல் மட்டும் கேட்கும். அந்த இடத்தில்தான் எனக்கு ஏதோ ஆனது. ஓரத்தில் உட்கார்ந்து படம் எடுத்துவிட்டு வந்தால் அது தெரியாது.

கண்ணாமூச்சி பற்றி: ஷஹாக் ஷபிரா என்ற இஸ்ரேலியர், பெர்லின்காரர்தான், 2017-ல் அங்கே இப்படிப் போஸ் கொடுத்தவர்களின் செல்ஃபிகளை எடுத்து முகாம்களின் பிணக்குவியல் படங்களோடு ஒட்டி இணையத்தில் போட்டார். படத்தில் இருந்தவர்கள் மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால் ஐசன்மனுக்கே அந்தக் கண்டிப்பு பிடிக்கவில்லை. இது கல்லறை இல்லை, மக்கள் வந்து போகும் இடம் என்பது அவர் கட்சி.

மேலே பெயரே இல்லை என்பது சரி. பெயர்கள் கீழே, நிலவறைக் கண்காட்சியில். ஒரு இருட்டறை, ஒரு பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, இரண்டு வரி வாழ்க்கைக் குறிப்பு. குரல் படிக்கும், சுவரில் பெயர் தெரியும், அடுத்த பெயர். இப்படியே எல்லோரையும் படித்து முடிக்க 6 ஆண்டு, 7 மாதம், 27 நாள் ஆகும் என்று வாசலில் எழுதியிருக்கிறது. அடுத்த முறை வந்தால் கீழே இறங்குங்கள். இலவசம்தான்.

அப்புறம் ஒரு கதை. கற்களில் கிறுக்கினால் சுலபமாக அழிக்க ஒரு பூச்சு பூசினார்கள். தயாரித்தது டெகுஸ்ஸா கம்பெனி. விஷவாயு அறைகளுக்கு சைக்லோன்-பி கொடுத்த டெகெஷ், நாஜி காலத்தில் இதே டெகுஸ்ஸாவின் துணை நிறுவனம். 2003-ல் இது வெளியே வந்து வேலை நின்றது. வாரக்கணக்கில் விவாதம். கடைசியில் அதே பூச்சோடு தொடர்ந்தார்கள். ஜெர்மனியில் கை சுத்தமான கம்பெனியாகத் தேடினால் கட்டிடமே எழும்பாது என்று அப்போது பேசிக்கொண்டார்களாம்.

ரயில்பித்தன் | அக்டோபர் 16, காலை 6:48

ரயில் பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பெர்லினில் எஸ்-7 வண்டி பிடித்து க்ரூனவால்ட் நிலையத்தில் இறங்குங்கள். 17-ஆம் தண்டவாளம் என்று அம்புக்குறி இருக்கும். மேலே ஏறினால் வண்டி வராத பிளாட்பாரம். ஜெர்மன் ரயில்வே 1998-ல் வைத்தது.

பிளாட்பார விளிம்பு முழுக்க வார்ப்பு எஃகுத் தகடுகள், 186. ஒவ்வொன்றிலும் தேதி, எத்தனை யூதர்கள், எந்த ஊருக்கு. அவ்வளவுதான். 18.10.1941, 1251 யூதர்கள், பெர்லின்-லோட்ஸ் என்று தொடங்கும். நடந்துகொண்டே போனால் எண்ணிக்கை ஆயிரம், நூறு, ஐம்பது என்று ஏறி இறங்கும். கடைசித் தகடு 27.3.1945, 18 யூதர்கள், தெரேசியன்ஷ்டாட்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். 1945 மார்ச் 27! ரஷ்யப் படை ஓடர் ஆற்றங்கரையில் நிற்கிறது. பாலம் இல்லை, கரி இல்லை, நகரமே இடிந்து கிடக்கிறது. அந்த நிலையிலும் 18 பேருக்காக ஒரு உத்தரவு, ஒரு பட்டியல். அட்டவணை போடுகிற ஒரு குமாஸ்தா அன்றைக்கும் வேலைக்கு வந்திருக்கிறான். தண்டவாளத்தின் நடுவே இப்போது மரம் முளைத்துவிட்டது, வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். இனி அங்கிருந்து எந்த வண்டியும் போக முடியாது.

பெயரே இல்லாமல் வெறும் எண்ணாலும் சொல்ல முடியும் என்பதற்காகச் சொன்னேன்.

சந்தேகராசா | அக்டோபர் 16, இரவு 11:15

எண் என்றதும் ஞாபகம் வந்தது. ஆஷ்விட்ஸில் 40 லட்சம் பேர் செத்தார்கள் என்று பலகை இருந்ததாம். பிறகு கழற்றிவிட்டு எண்ணிக்கையைக் குறைத்தார்களாம். வாட்ஸப்பில் வந்தது. அப்படியென்றால் கொல்லப்பட்ட யூதர்கள் 60 லட்சம் என்ற மொத்தக் கணக்கும் குறைய வேண்டாமா? சண்டைக்குக் கேட்கவில்லை.

நெறியாளர் | அக்டோபர் 16, இரவு 11:40

இனப்படுகொலையை மறுக்கும் பதிவுகளுக்கு இங்கே இடமில்லை. இது கேள்வியாக வந்திருப்பதால் விட்டுவைக்கிறேன். தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள்.

வரலாற்று டீச்சர் | அக்டோபர் 17, மாலை 5:20

சந்தேகராசா, இதை வகுப்பிலும் கேட்பார்கள். பலகை இருந்தது உண்மை, கழற்றியதும் உண்மை. 40 லட்சம் என்பது 1945-ல் சோவியத் விசாரணைக் குழு சொன்னது. எரிஉலைகள் ஒரு நாளைக்கு எவ்வளவு தாங்கும் என்று பெருக்கிப் போட்ட கணக்கு. ஆராய்ச்சியாளர்கள் அதை நம்பியிருக்கவில்லை. ரவுல் ஹில்பர்க் என்ற வரலாற்றாசிரியர் 1961-லேயே ஆஷ்விட்ஸில் இறந்த யூதர்கள் சுமார் 10 லட்சம் என்றுதான் எழுதினார். 60 லட்சம் என்ற கணக்கு நாடு நாடாக, போருக்கு முன்னும் பின்னும் இருந்த மக்கள்தொகை, ரயில் பட்டியல், ஜெர்மானியர்களின் சொந்த அறிக்கைகள் இவற்றிலிருந்து வந்தது. அந்தப் பலகையின் எண் அதில் சேரவே இல்லை. ஆகவே அது மாறியதால் இது மாறாது. ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகத்தின் ஃப்ரான்சிஷெக் பிப்பர் ரயில் ரயிலாகக் கூட்டிப் பார்த்து, குறைந்தது 11 லட்சம் பேர் அங்கே இறந்தார்கள், அதில் 10 லட்சத்தை ஒட்டி யூதர்கள் என்று காட்டினார்.

ஆனால் வாட்ஸப் செய்தி ஒன்றைச் சொல்லாது. பழைய பலகையில் 'யூதர்' என்ற சொல்லே இல்லை. 40 லட்சம் 'மக்கள்' என்றுதான் இருந்தது. இப்போதுள்ள பலகையில் சுமார் 15 லட்சம் ஆண்கள், பெண்கள், குழந்தைகள், பெரும்பாலும் யூதர்கள் என்று இருக்கிறது. எண் குறைந்தது, ஒரு சொல் கூடியது. அத்தனை வருஷம் அந்தச் சொல் வராமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

நான் தமிழும் எடுத்தவள், அதனால் இலக்கணமாகப் பார்க்கிறேன். யார் கொன்றார், யாரைக் கொன்றார், இரண்டும் இருந்தால்தான் வாக்கியம் முழுசு. நினைவுச்சின்னங்களில் ஒன்று இருந்தால் ஒன்று காணாது. கீவ் நகரத்துப் பாபி யார் பள்ளத்தில் 1941 செப்டம்பர் 29, 30 இரண்டே நாளில் 33,771 யூதர்களைச் சுட்டார்கள். இந்த எண், கொன்றவர்களின் அறிக்கையிலேயே இருக்கிறது. சோவியத் அரசு 1976 வரை அங்கே சின்னம் எதுவும் எழுப்பவில்லை. எழுப்பியபோது கொன்றவர் பெயரைப் போட்டது, ஜெர்மன் பாசிஸ்டுகள் என்று. கொல்லப்பட்டவர் 'கீவ் குடிமக்களும் போர்க்கைதிகளும்' ஆகிவிட்டார்கள். யூதர்களுக்கென்று மெனோரா விளக்கு வடிவச் சின்னம் வர 1991 ஆக வேண்டியிருந்தது.

பெர்லினில் நேர்மாறு. 'ஐரோப்பாவின் கொலையுண்ட யூதர்களுக்கான நினைவுச்சின்னம்' என்பது அதிகாரப்பூர்வப் பெயர். யூதர் இருக்கிறார், கொலை இருக்கிறது, கொன்றவரைக் காணோம். செயப்பாட்டு வினை ரொம்ப வசதியான வினை.

இசார்கரை | அக்டோபர் 17, இரவு 9:05

டீச்சர், உங்கள் இலக்கணத்துக்கு ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட் ஒன்று போதும். டானூப் கரையில் 60 ஜோடி இரும்புச் செருப்புகள், 2005-ல் வைத்தது. அம்புச்சிலுவைக் கட்சிக்காரர்கள், அதாவது ஹங்கேரியின் சொந்த நாஜிகள், 1944-45 குளிர்காலத்தில் யூதர்களைக் கரையில் நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு, சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். செருப்புக்கு அப்போது விலை இருந்தது. நான் போனபோது ஒரு குழந்தை ஷூவுக்குள் யாரோ மிட்டாய் வைத்திருந்தார்கள், மழையில் கரைந்து இரும்பில் சிவப்பாக வழிந்திருந்தது. அங்கே தரைப்பலகையில் அம்புச்சிலுவை ஆயுதக்காரர்கள் என்று கொன்றவர் பெயர் இருக்கிறது. யூதர் என்ற சொல் இல்லை.

பத்து நிமிஷ நடைதூரத்தில் சுதந்திர சதுக்கம். அங்கே 2014-ல் அரசு ஒரு சிலை வைத்தது. ஜெர்மன் கழுகு பாய்கிறது, கீழே கபிரியேல் தேவதூதர், அதுதான் ஹங்கேரி. பாவம், ஹங்கேரி ஒன்றும் செய்யவில்லை என்று அர்த்தம். அந்த நாட்டிலிருந்து 1944 மே 15 முதல் ஜூலை 9 வரை எட்டே வாரத்தில் சுமார் 4,37,000 யூதர்களை ரயிலேற்றினார்கள். ஏற்றியவர்கள் ஹங்கேரியின் சொந்தப் போலீஸ்காரர்கள். ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. சிலைக்கு எதிரே குடும்பப் படம், பழைய பெட்டி, மூக்குக்கண்ணாடி, கடிதங்கள் என்று வரிசையாகக் கொண்டுவந்து வைத்தார்கள். அது அப்படியே நின்றுவிட்டது. சிலைக்கு முறைப்படி திறப்பு விழாகூட நடக்கவில்லை.

சந்தேகராசா | அக்டோபர் 17, இரவு 10:30

டீச்சருக்கு நன்றி. அதே குரூப்பில் உங்கள் பதிலைப் போட்டேன். அட்மின் என்னை வெளியேற்றிவிட்டார்.

பொம்மலாட்டம் | அக்டோபர் 18, காலை 10:12

போலந்தில் இருந்த ட்ரெப்ளிங்கா கொலை முகாம் பற்றி யாரும் சொல்லவில்லையே. அங்கே முகாமையே நாஜிகள் இடித்து உழுதுவிட்டார்கள், பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால் 1964-ல் போலந்துச் சிற்பிகள் சுமார் 17,000 கரடுமுரடான கற்களை நட்டார்கள். சிலவற்றில் ஊர்ப் பெயர். மனிதப் பெயர் உள்ள கல் ஒன்றே ஒன்று: யானுஷ் கோர்ச்சாக்கும் குழந்தைகளும்.

குழந்தைகள் நாடகம் போடுகிற எங்களுக்கு அவரைத் தெரியும். வார்சா கெட்டோவில், அதாவது யூதர்களை அடைத்து வைத்த பகுதியில், அநாதை இல்லம் நடத்திய மருத்துவர். 1942 ஜூலை 18-ல் அவருடைய பிள்ளைகள் தாகூரின் 'டாக் கர்' (அஞ்சல் நிலையம்) நாடகத்தை நடித்தார்கள். சாகக் கிடக்கும் சிறுவன் ஜன்னலோரம் ராஜாவின் கடிதத்துக்குக் காத்திருக்கிற கதை. மூன்று வாரம்கூட ஆகவில்லை, சுமார் 200 பிள்ளைகளோடு அவரையும் ரயிலேற்றினார்கள். தான் மட்டும் தப்பிக்க வந்த வாய்ப்புகளை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நாடகத்தை நாங்கள் இரண்டு முறை போட்டிருக்கிறோம். இரண்டாவது முறை இது தெரிந்த பிறகு. சிறுவனாக நடித்த பையனிடம் மட்டும் சொல்லவில்லை.

கல்தச்சன் | அக்டோபர் 18, மதியம் 3:45

அந்த ஒற்றைப் பெயர்க் கல் செய்தி மனசை என்னவோ செய்துவிட்டது அம்மா.

இடறுகல் விஷயத்தில் நான் சொன்னதிலேயே நிற்கிறேன். ஆனால் குளிர்காய்பவன் தம்பியிடம் ஒரு தொழில் கேள்வி. அந்த எழுத்து மெஷினில் வெட்டியதா, கையில் அடித்ததா?

குளிர்காய்பவன் | அக்டோபர் 18, இரவு 9:30

கையால்தான் ஐயா. எழுத்து உளியை வைத்துச் சுத்தியலால் ஒவ்வொன்றாக அடிப்பது. முகாம்களில் கொலை தொழிற்சாலைக் கணக்கில் நடந்தது, அதனால் இது மெஷினில் போகக் கூடாது என்பது டெம்னிக்கின் பிடிவாதம். உற்றுப் பார்த்தால் வரி கொஞ்சம் ஏறி இறங்கும். என் வாசலில் சின்னவளின் பிறந்த ஆண்டில் அந்த 6 லேசாகச் சாய்ந்திருக்கிறது.

கண் மட்டத்தில் வைக்கச் சொன்னீர்களே, எங்கள் பகுதியில் அதுவும் இருக்கிறது, அண்ணாந்து பார்க்கும் உயரத்தில். பவேரியன் குவார்ட்டர் என்கிற இடத்தின் தெருக்களில் 1993-ல் ரெனாட்டா ஸ்டீ, ஃப்ரீடர் ஷ்னோக் என்ற இருவர் விளக்குக் கம்பங்களில் 80 பலகைகள் மாட்டினார்கள். ஒரு பக்கம் குழந்தைப் புத்தகம் மாதிரி அழகான படம். மறுபக்கம் ஒரு நாஜிச் சட்டம், தேதியோடு. நேற்று கடைக்குப் போகும் வழியில் நாலைப் படித்தேன். ஒன்றில் ரொட்டிப் படம். திருப்பினால்: பெர்லினில் யூதர்கள் மாலை 4 மணி முதல் 5 மணி வரை மட்டுமே உணவுப் பொருள் வாங்கலாம், 1940 ஜூலை. நான் நிற்பது ரொட்டிக்கடை வாசல், மணி ஐந்தரை. இன்னொன்றில் பூனை. திருப்பினால்: யூதர்கள் இனி வளர்ப்புப் பிராணிகள் வைத்திருக்கக் கூடாது, 1942 பிப்ரவரி.

விஷவாயு அறை பற்றிப் படித்தபோது வராத நடுக்கம் அந்தப் பூனையில் வந்தது. எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது, அதனாலோ என்னவோ. சட்டம் போட்டவன் மேஜையில் உட்கார்ந்து, இவர்களிடம் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று யோசித்து யோசித்துப் பறித்திருக்கிறான். பலகை மாட்டிய புதிதில் விஷயம் தெரியாத குடியிருப்பவர்கள் யாரோ நவநாஜிகள் வேலை என்று பயந்து போலீஸுக்குப் போன் செய்தார்கள். அப்புறம் இது நினைவுச்சின்னம் என்று கீழே சின்னக் குறிப்பு வைத்தார்கள். 1942-ல் அதே தெருவில் நிஜச் சட்டம் வந்தபோது யாரும் எங்கேயும் போன் செய்யவில்லை என்கிறார் கீழ்வீட்டுப் பாட்டி.

நவம்பர் 9 வருகிறது, 1938-ல் யூதக் கோவில்களைக் கொளுத்திய இரவு. அன்றைக்குத் தெருத் தெருவாக இந்தக் கற்களைத் துடைப்பார்களாம். பாட்டி என்னையும் கூப்பிட்டிருக்கிறார். எங்கள் கற்கள் கறுத்துப்போய்க் கிடக்கின்றன. எதை வைத்துத் தேய்ப்பது?

கல்தச்சன் | அக்டோபர் 18, இரவு 9:52

இதென்ன கேள்வி. பித்தளைக்குப் புளிதான். கம்பி பிரஷ் மட்டும் வேண்டாம், எழுத்தின் ஓரம் மழுங்கிப்போகும்.

குளிர்காய்பவன் | நவம்பர் 9, இரவு 8:15

புளிதான் ஐயா. பாட்டி டியூபில் பாலிஷும் பழைய பனியன் துணியும் கொண்டுவந்தார். முழங்காலுக்கு ஒரு குஷன். நான் கிண்ணத்தில் ஊறவைத்த புளியோடு போய் உட்கார்ந்ததும் முகர்ந்து பார்த்தார். அம்மாவின் கல்லை அவர் எடுத்துக்கொண்டார், பெண்கள் இருவரையும் நான். ஐந்து நிமிஷத்தில் என் பக்கம் பொன் நிறம், அவர் பக்கம் இன்னும் பாதி கறுப்பு. கையை நீட்டிக் கொஞ்சம் புளி வாங்கிக்கொண்டார். முடித்ததும் மூன்றுக்கும் ஒரே ஒரு மெழுகுவர்த்தி, ஒரு வெள்ளை ரோஜா. எதிர்ச்சாரியிலும் இரண்டு வாசலில் வெளிச்சம் தெரிந்தது.

புளி எங்கே கிடைக்கும் என்று கேட்டார். ஆசியக் கடைப் பெயரை பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.